ஏழாவது வளைவு

தமயந்தி அன்று பதினான்காவது ஆளை அரை விநாடி வித்தியாசத்தில் தோற்கடித்தாள்.

அரை விநாடி என்பது கம்பெனி போட்ட கணக்கு. அதற்கு மேல் போனால் தோற்றவன், ‘நமக்கு இது சரிப்படாது’ என்று விளையாட்டை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். அரை விநாடியில் தோற்றவன் போக மாட்டான். ‘டயர் மட்டும் கொஞ்சம் நல்லதா இருந்திருந்தா...’ என்று உட்கார்ந்திருப்பான். அந்த நினைப்பு மனதில் முழுதாக உருவாகும் முன்பே டயர் திரையில் வந்து நிற்கும், விலையோடு.

“கனிஞ்சிருச்சு மேடம், வாங்கிட்டாரு. அடுத்த ரேஸ்ல விட்டுடுங்க” என்றான் அனீஸ், காதுக் கருவியில்.

விட்டாள். எந்த ஊரிலோ இருந்த அந்த மனிதன் புது டயரோடு அவளை அரை விநாடியில் வென்று கார் விளக்குகளையெல்லாம் எரியவிட்டுக் குதூகலித்தான். டயர்தான் ஜெயித்தது என்று நம்பினான். டயருக்கும் வெற்றிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வலது பாதத்தை ஒரு நூலளவு தளர்த்தினாள் தமயந்தி, அவ்வளவுதான்.

கோவை சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடி அது. ஸ்டியரிங், பெடல், திரை என்று நாற்பது இருக்கைகள். அவற்றில் நாற்பது ஓட்டுநர்கள். பாதிப் பேர் தமயந்தியைப் போலப் பழைய பந்தயக்காரர்கள். ஒருவர் இருபது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ‘சீறல்’ என்ற கார்ப் பந்தய விளையாட்டை ஆடும் லட்சக்கணக்கானவர்களுக்கு எதிராளியாக ஓட்டுவது அவர்கள் வேலை.

முன்பு இந்த வேலையை இயந்திரம்தான் செய்தது. ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். காசு கொடுக்காதவனை இயந்திரம் வேண்டுமென்றே ஓடவிட்டுக் கவிழ்க்கிறது என்று ஊரெல்லாம் கூச்சல். கடைசியில் சட்டமே வந்தது: மனிதன் என்று சொல்லி நிறுத்தப்படும் எதிராளி மனிதனாகவே இருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள். கம்பெனி நாற்பது மனிதர்களை வேலைக்கு எடுத்தது. இயந்திரம் செய்துகொண்டிருந்ததை அவர்கள் சம்பளத்துக்குச் செய்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அனீஸ்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். உக்கடத்துப் பையன், வயது இருபத்தாறு, தளத்துக்குப் பொறுப்பாளன்.

“திரை ஓரத்துல ஒரு சின்ன விளக்கு தெரியுதுங்களா மேடம்? மஞ்சள்னா ஆள் சும்மா விளையாடறாரு. ஆரஞ்சுன்னா வெறி ஏறுது. சிவப்புன்னா கனிஞ்சிருச்சு, எது காட்டினாலும் வாங்குவாரு.”

“அது எப்படித் தெரியும்?”

“அவங்க வீட்டுல பிடிச்சிருக்கற ஸ்டியரிங் நம்ம கம்பெனி ஸ்டியரிங்தானே. உள்ளங்கை வேர்வை, நாடித் துடிப்பு, எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாங்க, எல்லாம் சொல்லிரும். போன்ல ஆடினாலும் அதேதான், போனைக் கையிலதானே பிடிக்கோணும்? விலைகூட அதைப் பாத்துத்தான் ஏறும்.”

“விலை எல்லாருக்கும் ஒண்ணு இல்லையா?”

அனீஸ் சிரித்தான். “பசி எல்லாருக்கும் ஒண்ணாங்க மேடம்?”

கனியாதவர்களும் உண்டு. தளத்தில் அவர்களுக்குப் பெயர், கல். அந்தக் கற்களிலெல்லாம் பெரிய கல் ‘பழைய டயர்’ என்ற பெயரில் ஆடும் ஒருவர். இரண்டு வருடமாகத் தினம் காலை பதினோரு மணிக்கு வருவார். முதல் நாள் இலவசமாகக் கிடைத்த டயரிலேயே ஓட்டுவார். அது தேயும்படி விளையாட்டு அமைக்கப்பட்டிருந்தது. தேய்ந்து, வழுக்கி, எல்லா வளைவிலும் வண்டி வால் ஆட்டும். அப்படியும் ஒரு பைசா செலவழிக்க மாட்டார். தோற்பார், புகார் எழுதுவார், மறுநாள் வருவார்.

அந்தப் புகார்களை டீ இடைவேளையில் அனீஸ் சத்தமாகப் படிப்பான்.

“‘ஐயா, காசு குடுத்தாத்தான் வேகம்னா அதுக்குப் பேரு பந்தயம் இல்லீங்க, டோல்கேட்டு. நேத்து பெட்ரோலுக்குக் காசு கேட்டீங்க. இன்னைக்கு வண்டியக் கழுவறதுக்குக் காசு. நாளைக்கு ஸ்டியரிங் திருப்பறதுக்கு இடது பக்கம் ஒரு ரேட்டு, வலது பக்கம் ஒரு ரேட்டா?’”

நாற்பது பேரும் சிரித்தார்கள். தமயந்தியும் சிரித்தாள்.

“இவரை உங்ககிட்ட விடறேன் மேடம். நம்ம ஊரு சாம்பியன் நீங்க. உடைச்சுக் காட்டுங்க” என்றான் அனீஸ்.

நான்கு நாள் உடைத்தாள். நான்கு நாளும் அரை விநாடி. விளக்கு மஞ்சளைத் தாண்டவில்லை. ஐந்தாம் நாள் கம்பெனி ஒரு புதிய தடத்தை விளையாட்டில் சேர்த்தது. புதியது என்பது பேச்சுக்குத்தான். ஊருக்குத் தெற்கே முன்பு இருந்து, இப்போது வீட்டு மனைகளாகிவிட்ட பந்தயத் தடத்தை அப்படியே, ஓரத்து வேப்பமரம் உட்படப் படைத்திருந்தார்கள்.

பழைய டயர் அன்று அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஏழாவது வளைவு வந்தது. அவருடைய பிரேக் விளக்கு ஒரு முறை லேசாக மினுக்கி அணைந்து, பிறகுதான் முழுதாக எரிந்தது.

தமயந்தியின் கை ஸ்டியரிங்கில் நின்றுவிட்டது.

உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அந்த வளைவுக்கு அப்படி இரண்டு மிதி மிதிப்பான். உடுமலைப்பேட்டைத் திருமூர்த்தி. பந்தயத்துக்கு வருமுன் பால் வண்டி ஓட்டியவன். முதல் மிதியில் பிரேக் பிடிக்கும் என்று எந்த வண்டியையும் நம்பாதவன். ‘ஒரு மிதி இருக்கான்னு கேக்கறதுக்கு, ரெண்டாவது மிதி நிக்கறதுக்கு’ என்பான். மூன்று வருடம் இருவரும் ஒரே அணியில் ஓட்டினார்கள். ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டார்கள்.

ஒன்பது வருடம் முன்பு, இதே தடத்தில், தேசியப் பந்தயத்தின் கடைசி நாளில் மூர்த்தி முன்னால், அவள் பின்னால். அவள் முதலாவதாக வந்தால் சாம்பியன் பட்டம் அவளுக்கு. அவன் வந்தால் அவனுக்கு. விளம்பரதாரர்களுக்கு ஒரு பெண் சாம்பியன் தேவைப்பட்டாள். ரேடியோவில் அணி முதலாளியின் குரல் வந்தது. அணி முழுவதற்கும் ஒரே அலைவரிசை, ஆகவே அவளுக்கும் கேட்டது.

“மூர்த்தி, ஏழாவது வளைவுல தமயந்திக்கு வழி விடு.”

மூர்த்தி ஏழாவது வளைவு முடிந்து நேர்ச்சாலை தொடங்கும் இடத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். அவள் தாண்டிப் போனாள்.

மைக்குகள் சூழ்ந்துகொண்டபோது அவளுக்கு வயது இருபத்தெட்டு. கழுத்தில் மாலை. “ஏழாவது வளைவில் உள்பக்கமாகப் புகுந்தேன். மூர்த்தி எதிர்பார்க்கவில்லை” என்றாள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் தலைப்பு. அடுத்த வருடம் அணி மூர்த்தியை நீக்கியது. எதிர்பார்க்கத் தெரியாத ஓட்டுநர் எதற்கு? அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவளும் போன் செய்யவில்லை. முதல் வாரம் வெட்கம். முதல் வருடத்துக்குப் பிறகு, இனி எந்த முகத்தோடு என்ற எண்ணம். ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

“மேடம், என்ன யோசனை? முந்துங்க, முந்துங்க” என்றான் அனீஸ்.

முந்தினாள். கடைசிச் சுற்று. முன்னால் அவள், பின்னால் தேய்ந்த டயரில் அவன். எதிராளிகள் ஆட்டக்காரரோடு பேசக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது. மீறினால் அன்றோடு வேலை போகும். அவளிடம் இருந்தது பாதம் மட்டும்தான். ஏழாவது வளைவு முடிந்து நேர்ச்சாலை தொடங்கும் அதே இடத்தில் தமயந்தி காலை எடுத்தாள்.

பின்னால் வந்த கார் தாண்டவில்லை. ஒரு கணம் அதுவும் தயங்கி வேகம் குறைந்தது. பிறகு மெதுவாக, ஏதோ சாவு வீட்டைக் கடப்பது போல, அவளைக் கடந்து கோட்டைத் தாண்டி நின்றது.

இரண்டு வருடம் கழித்துக் கிடைத்த முதல் வெற்றி. அவன் விளக்கு எரிக்கவில்லை. திரை ஓரத்தில் மட்டும் அந்தச் சின்ன விளக்கு மஞ்சளிலிருந்து நேராகச் சிவப்புக்குத் தாவியது.

“மேடம்!” அனீஸ் தன் இடத்தை விட்டு எழுந்து ஓடி வந்தான். “வாங்கிட்டாருங்க! கல்லு வாங்கிடுச்சு! டயர் இல்ல, பெட்ரோல் இல்ல, மறுபோட்டி! ‘அதே எதிராளியோடு மீண்டும்.’ நம்மகிட்ட இருக்கறதுலயே அதுதான் ஒசந்த விலை. என்ன பண்ணுனீங்க?”

“ஒண்ணும் பண்ணலை. காலை எடுத்தேன்.”

அன்று மாலையே அவளையும் அனீஸையும் மேலே கூப்பிட்டார்கள். மேசை மேல் ஒரு ஒப்பந்தம் இருந்தது. அவளுடைய ஓட்டத்தை, வளைவில் திரும்பும் விதம், பிரேக், தயக்கம் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ள அனுமதி.

“நகல் ஓட்டினா அது இயந்திரம்தானே அனீஸ்? சட்டம் இருக்கே?”

“ஓட்டம் ஒரு மனுஷருடையது, அவரே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காருன்னா சட்டப்படி அது அவர்தானாம் மேடம். வக்கீலுங்க பாத்துட்டாங்க.” அனீஸ் குரலைத் தாழ்த்தினான். “உங்களை வச்சுத்தான் அவங்களுக்கு இது புரிஞ்சதுங்க. கல்லா இருக்கறவங்களுக்கு டயர் வேண்டாம், ஆள்தான் வேணும். எல்லாருக்கும் யாரோ ஒருத்தர்கிட்ட ஒரு பாக்கி இருக்குமாம். இந்த வசதிக்குப் பேரே வச்சுட்டாங்க, ‘பழைய பாக்கி’ன்னு.”

“நாளைக்குப் பதினோரு மணிக்கு அவர் வருவார். யார் ஓட்டுவா?”

“கையெழுத்துப் போட்டீங்கன்னா நகல். இல்லேன்னா நீங்கதான்.”

அந்த மறுபோட்டியை நினைத்துப் பார்த்தாள். மூர்த்தி காசு கொடுத்து வாங்கியது அவளை. நாளைக்கு எப்படி ஓட்டுவது? மறுபடி காலை எடுத்தால் அவமானம், ஜெயித்தால் துரோகம். ஒன்பது வருடம் தள்ளிப்போட்டவளுக்கு இன்னும் ஒரு நாள் தள்ளிப்போடுவது எளிதாக இருந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

இந்தத் தப்பைத்தான் பின்னால் எண்ணி எண்ணிப் பார்த்தாள். ரேடியோவில் அன்று முதலாளி சொன்னார், மூர்த்தி வழி விட்டான். இங்கே யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.

மூன்று மாதம் போனது. மாடியில் நாற்பது இருக்கை பன்னிரண்டாகக் குறைந்தது. ஆம்புலன்ஸ்காரர் போய்விட்டார். தமயந்தியை நகல்களைச் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஒரு நாள் பட்டியலில் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. பழைய டயர், மறுபோட்டி. கீழே, மறுபோட்டி. அதற்கும் கீழே, மறுபோட்டி. தொண்ணூற்றொரு நாளில் ஒரு நாள்கூட விடவில்லை. முதலில் நாளுக்கு ஒன்று, இப்போது மூன்று நான்கு. பக்கத்தில் நகல் செய்தவை வரிசையாக இருந்தன. சில நாள் ஏழாவது வளைவில் காலை எடுத்தது. சில நாள் எடுக்காமல் மல்லுக்கட்டியது. எந்த நாள் எது என்று நகலுக்கு அந்தச் சின்ன விளக்கு சொன்னது.

சனிக்கிழமை காலை உடுமலை பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டோடு ஒட்டியிருந்தது பட்டறை. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டிக் கொடுக்கும் ரீட்ரேடிங் பட்டறை. வாசலில் லாரி டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கதவைத் திறந்தவள் மூர்த்தியின் மனைவி சாந்தாமணி.

“யாருங்க? டயருக்குன்னா திங்கக்கிழமை வாங்க. இப்பல்லாம் சொன்ன நாளைக்குக் குடுக்கறதில்லீங்க.”

“நான் தமயந்தி. அவர்கூட வண்டி ஓட்டினேன்.”

சாந்தாமணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “ஓ, நீங்கதானா அது? தெனமும் பதினோரு மணியானா உங்ககூடத்தான் ஓட்டறேங்கறாரு. கல்லாப்பெட்டில கை வெச்சு ஓட்டறாரு. கொஞ்சம் சொல்லிப்போட்டுப் போங்க அவருகிட்ட. என்ற பேச்சுத்தான் ஏறமாட்டேங்குது.” கோபமாகச் சொன்னாலும் உள்ளே போய் டீ வைத்தாள்.

மூர்த்தி கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். காதோரம் நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் ஒன்றும் ஆகாதவன் போல நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“வா புள்ள. நேர்லயும் வருவியா நீ?”

“மூர்த்தி, உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்.”

“நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். நான் சொல்லறேன், கேட்டுக்க.” எதிரே உட்கார்ந்தான். “மொத நாள் நீ காலை எடுத்தே பாரு, எனக்கு வந்த கோவத்துல ஸ்டியரிங்கைப் பிடுங்கி எறிஞ்சிருப்பேன். காலை எடுத்தா எனக்குத் தெரியாதா? எடுத்தவன் நான். பிச்சையா போடறே, வா பாத்துக்கறேன்னுதான் மொத மறுபோட்டி வாங்கினேன். வாழ்க்கைல அந்தக் கம்பெனிக்கு நான் குடுத்த மொதக் காசு.”

“மூர்த்தி...”

“இரு புள்ள. அப்புறம் தெனமும் ஓட்டினோம். ஒரு நாள் நீ விடறே. ஒரு நாள் நான் விடறேன். பத்து நாளா நீ விடவே இல்லை. நேத்து ஏழாவது வளைவுல உள்பக்கமாப் புகுந்தே பாரு, நெசமாவே புகுந்தே. நான் நெசமாவே எதிர்பாக்கலை.” அவன் சிரித்தான். “அன்னைக்கு மைக்குல சொன்னியே, அதை நேத்து செஞ்சு காட்டிட்டே. ஒம்பது வருசமா நெஞ்சுல அடைச்சிட்டு இருந்துச்சு. நேத்தோட போச்சு. அதைக் கேக்கத்தானே வந்தே? போச்சு புள்ள.”

சொல்ல வந்த வாக்கியம் தமயந்தியின் நாக்கு நுனியில் இருந்தது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் மனப்பாடம் செய்த வாக்கியம். அது நான் இல்லை மூர்த்தி. இந்தக் கணத்தில் சொன்னால் அவன் முகத்தில் இருக்கும் அந்தச் சிரிப்பு என்ன ஆகும் என்று பார்த்தாள். அவன் நிம்மதிக்காகத்தான் சொல்லாமல் விடுகிறோம் என்று தனக்கே ஒரு காரணமும் கிடைத்தது. அன்றைக்கும் ஒரு காரணம் கிடைத்திருந்தது.

“நேத்து... நல்ல ரேஸ்தான்” என்றாள்.

“நல்ல ரேஸா? என்ற வாழ்க்கைலயே நல்ல ரேஸு!”

சாந்தாமணி இரண்டு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். தமயந்தி ஒரு டம்ளரைக் கையில் எடுத்தாள். சுவர்க் கடிகாரம் பதினொன்று காட்டியது. மேசை மேல் மூர்த்தியின் போன் ஒலித்தது. அவன் பழக்கத்தில் எட்டி எடுத்துப் படித்தான், வாய்விட்டே.

“உங்கள் எதிராளி தயார். தடத்தில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.”

அவன் போனைப் பார்த்தான். டீ டம்ளரும் கையுமாக எதிரில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். பட்டறையில் ஏதோ கம்ப்ரஸர் ஓடி நின்றது.

“நீ இங்கதானே புள்ள இருக்கே?”

அவள் டம்ளரை மேசையில் வைத்தாள்.

“அப்ப இத்தனை நாளா?”

“மொத நாள் மட்டும் நான். காலை எடுத்தது நான். அப்புறம்... கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். என்ற ஓட்டத்தை.”

“நேத்து புகுந்தது?”

“நான் இல்லை.”

மூர்த்தி கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் டீயை முழுதாகக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தான்.

“இப்ப அஞ்சு நிமிசம் முன்னால, நல்ல ரேஸ்தான்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

“அன்னைக்கு மைக்குல சொன்ன மாதிரியே.”

எழுந்தான். உள் அறையில் ஸ்டியரிங் பொருத்திய மேசை தெரிந்தது. அதன் கால்களைப் பழைய டயர் ஒன்றில் அசையாமல் இறக்கியிருந்தான்.

“எங்க போறே மூர்த்தி?”

“காத்துக்கிட்டு இருக்குதே” என்றான், போனைக் காட்டி. குரலில் கோபம் இல்லை. “அது உன்னைய விட நல்லா மன்னிப்புக் கேக்குது புள்ள.”

கதவு சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் உள்ளே இரண்டு என்ஜின்கள் உறுமின. ஒன்று அவனுடையது. மற்றதை அவளுக்கு நன்றாகவே தெரியும். இரண்டாவது வளைவில் கியர் குறைக்கும் அந்த அவசரம், அவளுடைய அவசரம்.

தமயந்தி வாசலுக்கு வந்து டயர் அடுக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். போனை எடுத்து, இத்தனை வருடத்தில் முதல் முறையாக, ‘சீறல்’ விளையாட்டைச் சொந்தப் பெயரில் திறந்தாள். எதிராளியின் பெயர் கேட்டது. பழைய டயர் என்று எழுதினாள்.

‘இவர் இப்போது வேறொருவருடன் ஓடிக்கொண்டிருக்கிறார். வரிசையில் காத்திருக்க ரூபாய் 49.’

உள்ளே ஏழாவது வளைவு நெருங்கியது. பிரேக் ஒரு முறை முனகி, பிறகு முழுதாகப் பிடித்தது. அவள் போனை இறுக்கிப் பிடித்தாள். உள்ளங்கை வேர்த்திருந்தது.

திரை ஒரு முறை சிமிட்டியது. ரூபாய் 99.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். அமுக்கினாள்.